ஒரு பாணினி சூத்திரத்தை உரைகளோடு படிப்பது எப்படி: காசிகை முதல் நாகேசர் வரை

பாணினியின் சமஸ்கிருத இலக்கண நூலான அஷ்டாத்யாயியை மனப்பாடமாகச் சொல்பவர்கள் உண்டு. அதன் சூத்திரங்களை வேறு வரிசையில் அடுக்கிய கௌமுதியில் பாதி முடித்தவர்களும் உண்டு. ஆனால் ஒரே ஒரு சூத்திரத்தைக் கொடுத்து, அதற்கு இடைக்கால உரையாசிரியர்கள் எழுதியதை வரிசையாகப் படித்து வாருங்கள் என்றால், பெரும்பாலானவர்கள் இரண்டாவது பக்கத்திலேயே வழி தவறிவிடுகிறார்கள். சமஸ்கிருதம் போதாமல் அல்ல. எந்த உரையை எப்போது திறப்பது, திறந்தால் அதனிடம் என்ன கேட்பது என்பது தெரியாமல்தான்.

இந்த உரைகளில் ஒவ்வொரு வாக்கியமும் ஏதோ ஒரு கேள்விக்கு விடை. பல இடங்களில் கேள்வியை எழுதாமல் விடையை மட்டும் எழுதியிருப்பார்கள். கேள்வியைக் கண்டுபிடித்துவிட்டால் உரை தானே திறக்கும். கீழே உள்ள வரிசை அதற்காகவே. 1.1.3 (முதல் அத்தியாயம், முதல் பாதம், மூன்றாம் சூத்திரம்) என்ற ஒரே சூத்திரத்தைக் கடைசிவரை கூட வைத்துக்கொள்வோம். வேற்றுமை, சந்தி, எளிய வினைவடிவங்கள் தெரிந்தவருக்கு இது போதும்.

1. தொடங்கும் முன்

தேவநாகரியோ கிரந்தமோ தட்டுத் தடுமாறாமல் படிக்க வர வேண்டும். தமிழ் எழுத்தில் வர்க்க எழுத்து நான்கும் ஒன்றாகிவிடும். பல விதிகளோ அந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கின்றன. இங்கே வசதிக்காகத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் பயிற்சி செய்யும்போது மூல எழுத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துகளை வரிசைப்படுத்தும் 14 சிவசூத்திரங்களும் நாக்கில் இருக்க வேண்டும். இக், அச், ஏச் என்று எழுத்துக் கூட்டங்களின் சுருக்கப் பெயர்கள் வரும்போதெல்லாம் அட்டவணையைப் புரட்டினால் வாதத்தின் இழை அறுந்துவிடும்.

உரையே இல்லாத சூத்திர பாடம் ஒன்று தனியாக வேண்டும். எட்டு அத்தியாயம், 32 பாதம், ஏறத்தாழ 4000 சூத்திரம், சிறிய புத்தகம்தான். முன்னும் பின்னும் உள்ள பத்துப் பதினைந்து சூத்திரங்களை ஒரே பார்வையில் பார்க்க இது ஒன்றுதான் வழி. உரையோடு அச்சான புத்தகத்தில் ஒரு சூத்திரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்று பக்கம் ஓடிவிடும்.

உரைகளில், காசிகையை அதன் இரு விளக்கங்களோடும் சேர்த்து ஆறு தொகுதிகளாக அச்சிட்ட வாராணசிப் பதிப்பு வசதியானது. மகாபாஷ்யத்துக்கு இரண்டு பதிப்புகள் தேவை. கீல்ஹார்ன் பதிப்பித்த மூன்று தொகுதிகளில் வார்த்திகங்கள் (சூத்திரங்களின் மேல் காத்யாயனர் எழுதிய குறிப்புகள்) தனித்துத் தெரியும். ஆய்வாளர்கள் தொகுதி, பக்கம், வரி என்று மேற்கோள் காட்டுவதும் அந்தப் பதிப்பைத்தான். ஆனால் அதில் பிற்கால உரையாசிரியர்களான கையடர் இல்லை, நாகேசர் இல்லை. அவர்களுக்காக நிர்ணயசாகர் போன்ற, அவர்கள் உரைகளான ப்ரதீபமும் உத்யோதமும் சேர்ந்த பதிப்பு ஒன்று வேண்டும்.

2. யார் யாருக்கு உரை என்பதை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்

மூன்று கிளைகள். முதலாவது காசிகைக் கிளை. ஜயாதித்யரும் வாமனரும் 7ஆம் நூற்றாண்டில் எழுதிய காசிகை, சூத்திரங்களுக்கு நேரான உரை. அதற்கு ஜினேந்திரபுத்தி எழுதியது ந்யாஸம், ஹரதத்தர் எழுதியது பதமஞ்ஜரி.

இரண்டாவது பாஷ்யக் கிளை. காத்யாயனரின் வார்த்திகங்களை எடுத்து ஆராய்கிறது பதஞ்சலியின் மகாபாஷ்யம். அதற்குக் காஷ்மீரத்துக் கையடர் 11ஆம் நூற்றாண்டில் எழுதியது ப்ரதீபம். ப்ரதீபத்துக்குக் காசியில் வாழ்ந்த நாகேச பட்டர் எழுதியது உத்யோதம். அவர் காலம் 17ஆம் நூற்றாண்டின் கடைசியும் 18ஆம் நூற்றாண்டும்.

மூன்றாவது பட்டோஜி தீட்சிதரின் சித்தாந்த கௌமுதியும் அதற்கு வந்த விளக்கங்களும்.

இதை ஏன் வரைய வேண்டும்? ந்யாஸத்தையும் ப்ரதீபத்தையும் ஒரே நூலின் இரண்டு உரைகள் என்று எண்ணிக்கொண்டு, ஒன்றில் உள்ள சொல்லை மற்றதில் தேடிக் களைப்பவர்கள் நிறையப் பேர். ந்யாஸம் விளக்குவது காசிகையின் சொற்களை, ப்ரதீபம் விளக்குவது பதஞ்சலியின் சொற்களை. காலமும் முக்கியம். ந்யாஸம் கையடருக்கு முந்தியது. கையடருக்கு மறுப்பை அதில் தேடக்கூடாது.

3. பதம் பிரித்து வேற்றுமையைக் குறியுங்கள்

1.1.3: இகோ குணவ்ருத்தீ. பிரித்தால் இகஃ, குணவ்ருத்தீ. முதலாவது ஆறாம் வேற்றுமை ஒருமை. இரண்டாவது முதல் வேற்றுமை இருமை.

பாணினியிடம் வேற்றுமைக்குத் தனி வேலை உண்டு. ஆறாம் வேற்றுமை 'இதன் இடத்தில்' என்று பொருள்படும் (1.1.49). ஏழாம் வேற்றுமை வந்தால் அதற்கு முன் உள்ளதில் காரியம் நடக்கும் (1.1.66). ஐந்தாம் வேற்றுமை வந்தால் அதற்குப் பின் உள்ளதில் (1.1.67). இந்த மூன்றையும் தாளின் மேல் ஓரத்தில் எழுதி வையுங்கள். புதியவர்கள் 'இகஃ' என்பதை 'இக்கினுடைய' என்று பேச்சு வழக்கில் மொழிபெயர்த்துவிட்டு, அப்புறம் எல்லா உரைகளையும் அந்தத் தவறான கண்ணாடியிலேயே பார்க்கிறார்கள்.

4. மேலிருந்து இறங்கும் சொற்களைச் சேருங்கள்

இப்போது சூத்திர பாடத்தைத் திறந்து மேலே பாருங்கள். 1.1.1 ஆ, ஐ, ஔ மூன்றுக்கும் விருத்தி என்று பெயர் வைக்கிறது. 1.1.2 அ, ஏ, ஓ மூன்றுக்கும் குணம் என்று பெயர் வைக்கிறது. இந்த இரண்டு சொற்களும் அநுவிருத்தியாக 1.1.3க்குள் தாமாகவே இறங்கும்.

நன்னூல் படித்தவருக்கு இது புதிதல்ல. ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்று சூத்திர நிலையைச் சொல்கிறதே, அதே சங்கதிதான். சமஸ்கிருத உரைகளில் தவளைப் பாய்த்தை மண்டூகப்லுதி என்பார்கள். இடையில் உள்ள சூத்திரங்களைத் தாண்டி ஒரு சொல் குதித்து வந்தால் அந்தப் பெயர். ஆனால் முதலில் ஆற்றொழுக்காகவே பாருங்கள். நடுவில் இருப்பதைத் தாண்டிக் குதித்ததாகச் சொல்ல வலுவான காரணம் வேண்டும். உரையாசிரியர்களே அதைக் கடைசி வழியாகத்தான் கையில் எடுப்பார்கள்.

நம் சூத்திரத்தில் ஒரு சிக்கல் கண்ணில் படுகிறதா? குணமும் விருத்தியும் மேலிருந்தே வருகின்றன என்றால், பாணினி மறுபடியும் 'குணவ்ருத்தீ' என்று ஏன் சொன்னார்? இந்தக் கேள்வியைத் தாளில் எழுதி அப்படியே விடுங்கள். விடை தேட இது இடமில்லை. ஆனால் இதை எழுதாமல் உரைக்குள் போனால், உரை இதற்குப் பதில் சொல்லும்போது அது பதில் என்றே உங்களுக்குத் தெரியாது.

5. உரையைத் திறக்காமல் பொருளை ஒரு வரியில் எழுதுங்கள்

பலர் தாண்டிவிடும் படி இது. தாண்டக் கூடாத படியும் இதுதான்.

இதுவரை செய்ததை வைத்து எழுதினால், 'இக்கின் இடத்தில் குணமும் விருத்தியும் வரும்' என்று வரும். இக் என்பது இ, உ, உயிர் ரு, உயிர் லு. இப்போது இதைச் சோதியுங்கள். இப்படியே எடுத்துக்கொண்டால் மொழியில் உள்ள ஒவ்வோர் இகரமும் ஏகாரமாகிவிட வேண்டும். அது நடக்கவில்லை. ஆகவே இது காரியம் செய்யும் விதி அல்ல, வேறு விதிகளைப் படிக்கும் முறையைச் சொல்லும் பரிபாஷை. எங்கோ ஒரு விதி 'குணம் வரும்' என்று மட்டும் சொல்லி, எதன் இடத்தில் என்று சொல்லாமல் விட்டால், 'இக்கின் இடத்தில்' என்று நிரப்பிக்கொள்ளச் சொல்கிறது.

உதாரணத்துக்கு 7.3.84. சார்வதாதுக, ஆர்த்ததாதுக என்ற இரு வகை விகுதிகள் பின்னால் வந்தால் அங்கத்துக்கு, அதாவது விகுதிக்கு முன் நிற்கும் பகுதிக்கு, குணம் என்கிறது அது. நீ என்ற தாதுவில் (வினையடியில்) உள்ள ஈகாரம் ஏகாரமாகி, நே + அ + தி, நயதி. பூ என்பது போ ஆகி, பவதி.

உங்கள் வரி முதலில் தவறாக இருந்து, சோதித்துத் திருத்தியிருந்தால் மிக நல்லது. காசிகை ஒவ்வொரு சொல்லையும் ஏன் அந்த இடத்தில் வைத்தது என்பது அப்படித் திருத்தியவருக்குத்தான் உறைக்கும்.

6. காசிகையை நான்கு துண்டுகளாக வெட்டுங்கள்

காசிகையின் அமைப்பு ஏறக்குறைய மாறாதது. முதலில் சூத்திரத்தின் பொருள். அடுத்து உதாரணங்கள். அப்புறம் 'இதி கிம்?' என்று முடியும் கேள்விகளும் அவற்றுக்கான எதிர் உதாரணங்களும். கடைசியில், இருந்தால், வார்த்திகங்களிலிருந்து எடுத்த சேர்க்கைகள். பென்சிலால் நான்கையும் பிரியுங்கள்.

சில அடையாளச் சொற்கள் உதவும். 'வர்த்ததே', 'அநுவர்த்ததே' என்று வந்தால் மேலிருந்து இறங்கும் சொல்லைக் காட்டுகிறார். 'அதிகாரோயம்' என்றால் அந்தச் சொல் கீழே நெடுந்தூரம் போகும். 'வக்தவ்யம்', 'உபஸங்க்யானம்' என்றால் பெரும்பாலும் வார்த்திகத்தின் சரக்கு.

1.1.3இல் காசிகை தரும் பொருள் இது: குணம், விருத்தி என்ற தம் சொந்தப் பெயராலேயே விதிக்கப்படும்போது அவை இக்கின் இடத்தில் மட்டுமே வரும். நீங்கள் எழுதிய வரியோடு ஒப்பிடுங்கள். 'தம் சொந்தப் பெயராலேயே' என்பது உங்களிடம் இருக்காது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? நாலாம் படியில் எழுதி வைத்த கேள்வியின் விடை அதுதான்.

பாணினி மறுபடி 'குணவ்ருத்தீ' என்று சொன்னது, அந்தப் பெயர்களைச் சொல்லி விதிக்கும் இடங்களுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு என்று காட்டத்தான் என்கிறது காசிகை. அதற்கு அது காட்டும் எதிர் உதாரணங்களில் ஒன்று த்யௌஃ. திவ் என்ற சொல்லுக்கு ஔ வரும் என்று 7.1.84 விதிக்கிறது. ஔ விருத்தி எழுத்துத்தான். ஆனால் அந்த விதி 'விருத்தி' என்று பெயர் சொல்லவில்லை, 'ஔ' என்று எழுத்தையே சொல்கிறது. நம் பரிபாஷை அங்கேயும் போனால் ஔகாரம் திவ்-இன் இகரத்தில் போய் உட்கார்ந்துவிடும். பெயர் சொல்லாததால் போகவில்லை. ஔகாரம் கடைசி எழுத்தான வ்-இன் இடத்தில் வந்து, இகரம் ய் ஆகி, த்யௌஃ கிடைக்கிறது.

7. எதிர் உதாரணத்தைக் கையால் தவறாகச் செய்து பாருங்கள்

'இகஃ இதி கிம்?' என்று காசிகை கேட்கிறது. நம் உரையாசிரியர்கள் நடையில் சொன்னால், 'இக் என்றது என்னை?'. விடையாக மூன்று சொற்கள்: யானம், க்லாயதி, உம்பிதா. பலர் இவற்றைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடுகிறார்கள். எதிர் உதாரணத்தின் பயனே, அந்தச் சொல் சூத்திரத்தில் இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று காட்டுவதுதான். கெட்ட வடிவத்தை நீங்களே எழுதிப் பார்க்காமல் அது புலப்படாது.

சூத்திரத்திலிருந்து 'இகஃ' என்பதை எடுத்துவிடுங்கள். இனி எந்த எழுத்துக்கும் குணம் வரலாம்.

யா + அன. ஆகாரத்துக்குக் குணம் வந்தால் மிக நெருங்கியது அகரம். ய + அன. இரண்டு அகரமும் 6.1.97ஆல் ஒன்றாகி, யனம். வேண்டியது யானம்.

க்லை + அ + தி. ஐகாரம் ஏகாரமாகும். க்லே + அ + தி, க்லயதி. வேண்டியது க்லாயதி.

உம்ப் + இதா. கடைசி மெய்க்குக் குணம் வந்தால் என்ன எழுத்து? இங்கேதான் உதாரணத் தேர்வின் நுட்பம் தெரியும். உம்ப் தாதுவின் கடைசி மெய் உதட்டில் பிறப்பது. அ, ஏ, ஓ மூன்றில் உதட்டின் தொடர்பு உள்ளது ஓகாரம் மட்டும். 'மிக நெருங்கியதையே கொள்' என்ற 1.1.50இன்படி ஓகாரம் வந்து, உமோ + இதா, உமவிதா என்று ஒரு விபரீதச் சொல் பிறக்கும். தற்செயலாக எடுத்த தாது அல்ல இது. கெடுதல் பளிச்சென்று தெரியும் தாதுவாகத் தேடி எடுத்திருக்கிறார்கள்.

8. பாஷ்யத்தில் யார் பேசுகிறார்கள் என்று குறியுங்கள்

இனி மகாபாஷ்யம். பக்க ஓரத்தில் மூன்று குறிகள் போதும்: கேட்பவர், பாதி விடை சொல்பவர், முடிவு சொல்பவர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு குறி. இதைச் செய்யாதவர்கள் நடுவில் வரும் ஏதாவது ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு 'பதஞ்சலி இப்படிச் சொல்கிறார்' என்கிறார்கள். அந்த வாக்கியம் அவர் மறுக்கப்போகும் கருத்தாக இருக்கும்.

நம் சூத்திரத்தில் வார்த்திகம் சொல்வது: 'இக்' என்று எடுத்துச் சொன்னது ஆகாரம், ஏ ஓ ஐ ஔ என்ற சந்த்யக்ஷரங்கள், மெய்கள் ஆகிய மூன்றையும் விலக்குவதற்காக. காசிகையின் மூன்று எதிர் உதாரணங்களும் எங்கிருந்து வந்தன என்பது இப்போது தெரிந்துவிட்டது.

பதஞ்சலி அதோடு நிற்கவில்லை. ஆகாரத்தை விலக்க இக் தேவையில்லை என்று ஒரு குரல் எழுகிறது. காரணம் 3.2.3. ஆகாரத்தில் முடியும் தாதுவுக்கு அந்த விதி 'க' என்ற விகுதியைத் தருகிறது. அதில் ககர ஒற்று அடையாளம் மட்டும், சொல்லில் நிற்பது அகரமே. அந்த ஒற்றின் வேலை ஆகாரத்தை நீக்குவது. கோ + தா + அ, ஆகாரம் போய், கோதஃ, பசுவைக் கொடுப்பவன். ஆகாரத்துக்கே குணம் வரும் என்றால் தா என்பது த ஆகிவிடும். த + அ, இரண்டு அகரமும் ஒன்றாகிக் கோதஃ தானே கிடைத்துவிடும். ககரம் வீண். பாணினி ஓர் எழுத்தைக்கூட வீணாகச் சேர்க்கமாட்டார். அவர் ககரம் சேர்த்த செயலே, ஆகாரத்துக்குக் குணம் இல்லை என்று அறிவிக்கிறது.

இந்த வாதத்துக்கு ஜ்ஞாபகம் என்று பெயர். தொல்காப்பிய உரைகளில் 'மிகையானே கொள்க' என்று வருமே, அதனோடு பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும்.

உடனே மறுப்பு வருகிறது. அந்தக் ககரம் பின்னால் வரும் 3.2.5க்குத் தேவைப்படலாம், அங்கே ம்ருஜ், நுத் என்ற தாதுக்கள் இருக்கின்றன, அவற்றில் குணமும் விருத்தியும் வராமல் தடுக்க ககரம் வேண்டும். ஆகவே அது வீண் அல்ல. சரி, அப்படியானால் 3.2.8ஐப் பாருங்கள் என்கிறார் முதலில் வாதித்தவர். அங்கே உள்ள ககரத்துக்கு வேறு எந்தப் பயனும் இல்லை. அதுவே அடையாளம்.

சந்த்யக்ஷரத்துக்கும் இக் தேவையில்லை என்று அடுத்த வாதம். ஐகாரத்தைக் குணத்தால் ஏகாரமாக்குவதுதான் நோக்கம் என்றால் தாதுவையே ஏகாரத்தோடு ஓதியிருக்கலாம். ஐகாரத்தோடு ஓதியதே அது மாறாது என்பதைக் காட்டுகிறது.

மூன்றாவது மெய். ஜன் தாதுவுக்கு 3.2.97 'ட' என்ற விகுதியைத் தருகிறது. அதில் உள்ள டகர ஒற்று, தாதுவின் கடைசி 'அன்' பகுதியை நீக்கும். மெய்க்குக் குணம் உண்டு என்றால் ன் என்பதே அகரமாகி மற்ற அகரங்களோடு கலந்துவிடும், டகரம் வேண்டியதில்லை. ஆகவே டகரம் இருப்பதே மெய்க்குக் குணம் இல்லை என்று காட்டுகிறது என்பது வாதம். இங்கேதான் திருப்பம். அதே விகுதி கம் என்ற தாதுவுக்கும் வேண்டும். கம்-இன் மகரம் உதட்டில் பிறப்பது. அதற்குக் குணம் வந்தால் அகரம் வராது, ஓகாரம் வந்து நிற்கும். அங்கே டகரம் உண்மையிலேயே தேவை. தேவைப்படும் எழுத்து எதையும் அறிவிக்காது. ஜ்ஞாபகம் உடைகிறது. 'தஸ்மாத் இக்க்ரஹணம் கர்த்தவ்யம்', ஆகவே இக் என்று சொல்லத்தான் வேண்டும்.

காசிகை மூன்று எதிர் உதாரணங்களையும் சம வரிசையில் அடுக்கியது. பாஷ்யத்தின் கணக்கில் கடைசிவரை நிற்பது மெய் ஒன்றுதான், அதாவது உம்பிதா. இந்த ஒரு வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துவிட்டால், இரண்டு நூல்களும் செய்யும் வேலை எப்படி வேறு என்பது விளங்கும். காசிகை முடிவுகளை எடுத்து அடுக்கித் தருகிறது. பாஷ்யம் ஒவ்வொன்றையும் உரசிப் பார்க்கிறது. அதனால்தான் காசிகை முதலில், பாஷ்யம் அப்புறம். மாற்றிப் படித்தால் எதை உரசுகிறார்கள் என்றே தெரியாது.

குறிகள் போட உதவும் சொற்கள்: 'நைதத் அஸ்தி' என்றால் முன் சொன்னது தள்ளப்படுகிறது. 'ஏவம் தர்ஹி' என்றால் பழைய விடையைக் கைவிட்டுப் புதிய விடை வருகிறது. 'நைஷ தோஷஃ' என்றால் குறைக்குச் சமாதானம். இவற்றைச் சுற்றி வட்டமிட்டாலே வாதத்தின் எலும்புக்கூடு தெரிந்துவிடும்.

9. அதன் பிறகு கையடர், அவருக்கும் பிறகு நாகேசர்

கையடர் பாஷ்ய வாக்கியத்தின் முதல் ஒன்றிரண்டு சொற்களை எடுத்து 'இதி' என்று போட்டு விளக்குவார். அந்த ப்ரதீகத்தை முதலில் பாஷ்யத்தில் கண்டுபிடித்துக் கோடிடுங்கள். பாஷ்யத்தில் இடம் தெரியாமல் ப்ரதீபத்தைப் படிப்பது வீண் உழைப்பு.

அவரிடம் கேட்க வேண்டியது: இந்த வாக்கியத்தைச் சொல்பவர் யார், அவர் மனத்தில் என்ன இருக்கிறது? எட்டாம் படியில் நீங்கள் போட்ட குறி சரிதானா என்று சரிபார்க்க அவரைவிட நல்ல துணை இல்லை. முதலிலேயே அவரிடம் போனால் இந்தப் பயன் போய்விடும். குறி போடும் பழக்கம் உங்களுக்கு வரவே வராது.

ஹரி கட்டிய பாலத்தைப் பற்றிக்கொண்டு முடவனைப்போல் மெல்லக் கரையேறுவேன் என்று கையடர் தொடக்கத்திலேயே சொல்கிறார். ஹரி என்பது வாக்யபதீயம் எழுதிய பர்த்ருஹரி. இது வெறும் பணிவுரை அல்ல, நடைமுறைக் குறிப்பு. சொல், பொருள், ஜாதி, த்ரவ்யம் என்று அவர் திடீரெனத் தத்துவம் பேசினால் வாக்யபதீயத்தில் தேடுங்கள்.

நாகேசரைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். அவர் கையடரை விளக்குவதோடு நிற்பதில்லை. பாஷ்யத்தின் கருத்து வேறு என்று தோன்றினால் கையடரை மறுப்பார். கையடர் சொன்னது உங்கள் மனத்தில் தெளிவாக இல்லாவிட்டால், நாகேசர் எதை மறுக்கிறார், எதை ஏற்கிறார் என்று பிரிக்கவே முடியாது. ந்யாய சாஸ்திரத்தின் சொற்களும் அவரிடம் தாராளமாக வரும். அதனால் பயந்து நாகேசரை விட்டுவிட வேண்டாம். ஒரு சூத்திரத்துக்கு அவருடைய இரண்டு மூன்று வாக்கியங்கள் புரிந்தாலே ஆரம்பத்துக்கு அது நல்ல அறுவடை.

கருத்துகள் மோதினால் யார் பக்கம்? மரபின் விதி தெளிவானது: மூன்று முனிவர்களில் பிந்தியவருக்கே அதிகாரம். பாணினியைவிடக் காத்யாயனர், அவரைவிடப் பதஞ்சலி. காசிகை பாஷ்யத்தோடு மாறுபடும் இடங்களில் பிற்கால உரையாசிரியர்கள் பெரும்பாலும் பாஷ்யத்தின் பக்கமே நிற்பார்கள். அது காசிகை 'தவறு' என்று அடித்து எழுத உங்களுக்கு அனுமதி அல்ல. மாறுபாட்டைக் குறித்துவைத்தால் போதும்.

10. ந்யாஸம், பதமஞ்ஜரி இரண்டுக்கும் இடம்

ந்யாஸத்தைக் காசிகையின் சொல்லமைப்பு புரியாத இடத்தில் மட்டும் பாருங்கள். காசிகை சுருக்கிச் சொன்னதை ஜினேந்திரபுத்தி சொல் சொல்லாக விரிப்பார். ரூபசித்தியில், அதாவது சொல் உருவாகும் படிகளில், எந்த விதி எங்கே வந்தது என்பதையும் பல இடங்களில் காட்டுவார்.

தென்னாட்டவரான ஹரதத்தரின் பதமஞ்ஜரி வேறு மாதிரி. காசிகைக்குத்தான் உரை என்றாலும் பாஷ்யத்தையும் கையடரையும் ஒட்டி நடக்கும். அதனால் பாஷ்யத்துக்குப் பிறகு படித்தால்தான் அதன் சுவை தெரியும். 'கேசித்', 'அந்யே', 'அபரே' என்று பெயர் சொல்லாமல் பிறர் கருத்தைக் குறிப்பிட்டால், பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் ந்யாஸத்தை ஒருமுறை பாருங்கள்.

11. கௌமுதி எங்கே வரும்

கௌமுதியில் சூத்திரங்கள் பாணினியின் வரிசையில் இல்லை. சொல்லாக்கத்துக்கு வேண்டிய வரிசையில் மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். கௌமுதியில் ஒரு சூத்திரத்துக்கு மேலே இருக்கும் சூத்திரத்திலிருந்து அநுவிருத்தி தேடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. எப்போதும் சூத்திர பாடத்துக்குத் திரும்புங்கள்.

1.1.3ஐப் பட்டோஜி பரிபாஷைப் பகுதியில் வைக்கிறார். குணம், விருத்தி என்ற சொற்களால் அவை விதிக்கப்படும் இடத்தில் 'இகஃ' என்ற ஆறாம் வேற்றுமைச் சொல் வந்து நிற்கும் என்பது அவர் தரும் பொருள். காசிகை 'இக்கின் இடத்தில் மட்டும் வரும்' என்று கட்டுப்பாடாகச் சொன்னது. இவர் 'ஒரு சொல் வந்து சேரும்' என்கிறார். இதன் வேரும் பாஷ்யத்திலேயே இருக்கிறது; எட்டாம் படி முடித்துவிட்டு வந்தவருக்கு இந்த இரண்டு நடைகளும் ஏன் வேறு என்பது உடனே தெரியும்.

கௌமுதிக்கு விளக்கம் தேவைப்பட்டால் பாலமனோரமாவிலிருந்து தொடங்குங்கள். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசின் ஆதரவில் இருந்த வாசுதேவ தீட்சிதர் எழுதியது. எந்தச் சொல் எங்கிருந்து இறங்குகிறது என்பதை ஒன்று விடாமல் சொல்வார். ப்ரௌடமனோரமா, சப்தேந்துசேகரம் என்ற விளக்கங்கள் அதற்கும் அப்பால்.

சொல்லாக்க நூலா, சூத்திர வரிசையா, எது முதலில் என்று பலர் கேட்பதுண்டு. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் என்ற ஊரின் கல்வெட்டில் ஒரு விடை இருக்கிறது. அங்கே இளம் மாணவர்களில் 40 பேர் ரூபாவதாரம் படித்தார்கள். அது கௌமுதிக்குப் பல நூற்றாண்டு முந்திய சொல்லாக்க நூல். மூத்த மாணவர்களில் 25 பேர் வியாகரணம் படித்தார்கள். சொற்களை உருவாக்கக் கை பழகிய பிறகு சாஸ்திரத்துக்குள் போவதே என் அனுபவத்திலும் நன்றாகப் பலிக்கிறது. ஏழாம் படியில் யனம், க்லயதி, உமவிதா என்று தவறான வடிவங்களைக் கட்டிப் பார்க்க அந்தப் பழக்கம் வேண்டும்.

12. ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள்

சூத்திரம், பதம் பிரிப்பு, இறங்கி வந்த சொற்கள், நீங்கள் முதலில் எழுதிய வரி (அடிக்காமல்), காசிகையின் வரி, கெட்ட வடிவங்கள், பாஷ்யத்தின் முடிவு, எங்கே யார் மாறுபடுகிறார். பக்கம் ஒன்றைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் நீங்கள் உரையை நகல் எடுக்கிறீர்கள் என்று பொருள். பாஷ்ய இடத்தைக் கீல்ஹார்னின் தொகுதி, பக்கம், வரியோடு குறித்தால் பின்னால் தேட வேண்டியிருக்காது.

அடுத்த சூத்திரமாக 1.1.5ஐ எடுங்கள். ககர, ஙகர ஒற்றுகளை அடையாளமாகக் கொண்ட விகுதிகள் வந்தால் இக்கின் குணத்தையும் விருத்தியையும் அது தடுக்கிறது. சி + த, சேதஃ ஆகாமல் சிதஃ என்று நிற்பது அதனால்தான். 3.2.5இல் ககரம் எதற்கு என்று மேலே பார்த்ததும் இந்த விதியால்தான். நடுவில் உள்ள 1.1.4 கடினமானது. தாதுவின் ஒரு பகுதி நீங்கும் இடங்களைப் பற்றியது. செயல் திரும்பத் திரும்ப நிகழ்வதைக் காட்டும் யங் வடிவங்கள் கைவந்த பிறகு திரும்பி வாருங்கள்.